வேதாச்சலத்தின் பாஸ்போர்ட்

1960, தை மாதம். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி.

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மாடியறையின் நடுவே டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பூட்டு சுத்தியலால் அடித்து உடைக்கப்பட்டிருந்தது. வேட்டி சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றின் மேல் ஒரு கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன போச்சு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன். நகரி என்ற ஊர்க்காரர். இரண்டு வருடமாகத் திருப்பதி ஸ்டேஷனில் இருக்கிறார்.

"பாஸ்போர்ட் சார்," என்றான் வேதாச்சலம். கல்லூரி ரசாயனக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். இருபத்துநான்கு வயது, ஒடிசலான உடம்பு. "ஒரு காக்கி உறைக்குள்ள வெச்சிருந்தேன். உறையோட போச்சு. அதுல என் எக்ஸ்ரே படமும் இருந்துச்சு."

"எக்ஸ்ரே எதுக்கு?"

"விசாவுக்கு. தூதரகத்துல மார்புப் படம் கேட்டாங்க."

விவரத்தை எடுத்துச் சொன்னவர் பக்கத்தில் நின்றிருந்த வெங்கடசாமி. சித்தூர் கான்ட்ராக்டர். அவருடைய மகனுக்கும் வேதாச்சலத்தின் தங்கைக்கும் மாசியில் கல்யாணம். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், நேரில் வந்து பரீட்சை எழுது, தேறினால் இடம் தருகிறேன் என்று எழுதியிருந்தாராம். முதலில் விசிட்டர் விசாவில் போவது, இடம் கிடைத்தபின் மாணவனாகத் தங்குவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மெட்ராஸ் தூதரகத்தில் நேர்காணல். வெங்கடசாமியும் கூடப் போவதாக இருந்தது.

"பாஸ்போர்ட்டுக்கு ஜாமீன் கையெழுத்து நானு," என்றார் அவர். "எஸ்ஐ காரு, இவங்க ஊரு பள்ளிப்பட்டு பக்கம். இப்ப ஆந்திராவுல இருக்குது, பங்குனியில மெட்ராஸ் ராஜ்யத்துல சேந்துடும். எந்த ராஜ்யத்து ஆளுன்னு கேட்டே ஒரு வருசம் இழுத்தாங்க. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சா கெழவனாயிடுவான்."

வேதாச்சலத்தின் அப்பா நாராயணசாமி சுவரோரம் குந்தியிருந்தார். கரும்பு விவசாயி. மகனையும் போலீஸ்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு மகனை வழியனுப்ப, மகள் கங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

செங்கல்வராயன் கதவைப் பார்த்தார். கதவுப் பூட்டில் கீறல்கூட இல்லை.

"இந்தக் கதவுக்கு எத்தினி சாவி?"

"ரெண்டு. என்னுது ஒண்ணு. பழனியுது ஒண்ணு."

பழனி அதே அறையில் தங்கியிருந்தவன். ஜவுளிக்கடையில் வேலை. பார்சல் மரப்பெட்டிகளை உடைக்கிற சுத்தியல் அவன் பாய்க்கடியில் இருந்தது.

"டிரங்குச் சாவி?"

வேதாச்சலம் சுவரைக் காட்டினான். காலண்டருக்குக் கீழே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலை பத்து மணி. ஸ்டேஷன்.

"பாஸ்போர்ட் எங்கடா?"

"அத வெச்சிக்கினு நான் என்னா சார் பண்ணப் போறேன்?" என்றான் பழனி.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்த?"

"அஞ்சு மணிக்கு ரூமுக்கு வந்து சட்டைய மாத்திக்கினு கடைக்குப் போனேன். பொட்டி மேல போர்வை போத்தியிருந்துச்சு. ராத்திரி வந்து படுத்தப்பவும் அப்பிடியேதான் இருந்துச்சு, நான் கவனிக்கல."

"வேதாச்சலத்தோட சண்டையா?"

பழனி தலையைக் குனிந்துகொண்டான். "சண்டை இல்ல சார். பேச்சே இல்ல. நாங்க ஒரே தட்டுல துன்னுக்கினு இருந்தவங்க. பொங்கலுக்கு முன்னாடியிருந்து ஆள் மாறிட்டான். அவன் தம்ளர நான் தொட்டாகூட வெடுக்குனு புடுங்கிக்கிறான். இந்தப் பனியில வெளிய வராண்டாவுல படுக்கறான். என் மூச்சுகூட ஆவல அவனுக்கு. அமெரிக்கா போறவன் இல்லியா!"

"மனசு கொதிச்சிச்சா?"

"கொதிச்சிச்சு சார். அதுக்காகத் திருடுவனா?"

அது போதும் என்றார் சர்க்கிள் இன்ஸ்பெக்டர். சாவி இருந்தது, சுத்தியல் இருந்தது, வன்மம் இருந்தது. வெங்கடசாமி அவரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த உத்தரவாயிற்று. லாக்கப்பில் கான்ஸ்டபிள் தன் வழியில் விசாரித்தார். சத்தம் மேசை வரை கேட்டது. செங்கல்வராயன் எழுந்து போய் நிறுத்தச் சொன்னார். அதற்குள் பழனியின் உதடு கிழிந்திருந்தது.

வீட்டில் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தபோதும் செங்கல்வராயன் யோசித்துக்கொண்டிருந்தார். பழனிக்கு டிரங்குச் சாவி இருக்கிற இடம் தெரியும். ஆணியிலிருந்து எடுத்துத் திறக்க வேண்டியவன் பூட்டை ஏன் உடைக்க வேண்டும்? வெளித்திருடன் என்றால் கதவைத் தாண்டியது எப்படி? கைக்கடிகாரத்தை விட்டுவிட்டுப் போவானா? பாஸ்போர்ட்டையாவது விலைபேசலாம். அடுத்தவன் மார்பெலும்புப் படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

புதன்கிழமை காலை சித்தூர் பஸ் ஏறினார். படமெடுத்த டாக்டரின் பெயரை வேதாச்சலமே புகாரில் சொல்லியிருந்தான்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வேதாச்சலம்னு ஒரு பையன். படம் எப்ப எடுத்தீங்க டாக்டர்?"

"பொங்கலுக்கு முன்னாடி. ஏன், என்ன ஆச்சு? ஊசி போட்டுக்க வரச் சொன்னேன். அப்புறம் ஆளே வரலியே?"

செங்கல்வராயன் அடுத்த பஸ்ஸில் திருப்பதிக்குத் திரும்பினார்.

பகல் மூன்று மணி. கல்லூரி ரசாயனக்கூடம்.

மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு கம்பியில், துணி உலர்த்துவதுபோல், அகலமான வெற்று பிலிம் ஒன்று தொங்கியது. இளநீல நிறம். ஊடாகப் பார்த்தால் வெளியே வேப்பமரம் தெரிந்தது.

"எக்ஸ்ரேயில இருந்த படத்தக் கரைச்சிட்டியா?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

வேதாச்சலம் கையிலிருந்த குடுவையை மேசைமேல் வைத்தான்.

"உன் பொட்டிய நீயேதான் ஒடைச்சே. பழனியா இருந்தா சாவி போட்டுத் தொறந்திருப்பான். வெளியாளா இருந்தா கதவ ஒடைச்சிருப்பான். தம்ளரத் தனியா வெச்சது, பனியில வராண்டாவுல படுத்தது, எல்லாத்தையும் கர்வம்னு நெனச்சோம். பழனிகூட அப்பிடித்தான் நெனச்சான். நீ அவனுக்கு ஒட்டிடக் கூடாதுன்னு பயந்திருக்கே. எத்தினி நாளா இருமல்?"

"ஐப்பசியிலேருந்து சார்." அவன் முக்காலியில் உட்கார்ந்தான். "விசா இல்லன்னு அவங்க சொல்றது எனக்குப் பெரிசில்ல சார். வெங்கடசாமி மாமா பக்கத்துல இருப்பாரே. ஏன் இல்லன்னு கேட்பாரே. அண்ணனுக்கு டி.பி.ன்னு தெரிஞ்சா கங்கம்மாவ எவன் கட்டுவான்? கல்யாணம் முடியற வரைக்கும் தள்ளிப்போட்டா போதும்னு நெனச்சேன். திருடன் வந்த மாதிரி இருக்கட்டும்னு பூட்ட ஒடைச்சேன். கதவுப் பூட்டையும் ஒடைக்க மறந்துட்டேன் சார். பழனியப் புடிப்பாங்கன்னு சத்தியமா தோணல."

"புடிச்சப்புறம்?"

அவன் இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். "இத மட்டும் கரைக்க மனசு வரல."

செங்கல்வராயன் அதை வாங்கிக்கொண்டார்.

"சார், மாசி வரைக்கும் யாருக்கும் சொல்லாம இருக்க முடியாதா?"

"பழனிய இன்னைக்கு சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்க. சர்க்கிள் கிட்ட நான் சும்மா விட்டுடுங்கன்னு சொல்ல முடியாது. காரணம் கேட்பாரு. கேட்டா வெங்கடசாமிக்குப் போயிடும்." அவர் குரல் தணிந்தது. "வேற வழி இருந்தா சொல்லுப்பா. நானும் பஸ்ல வரும்போது யோசிச்சிக்கினேதான் வந்தேன்."

வேதாச்சலம் முக்காலியிலிருந்து எழுந்தான்.

"நானே சொல்றேன் சார்," என்றான் வேதாச்சலம்.

நாலரை மணி. ஸ்டேஷன் முன்னறை. நாராயணசாமி, கங்கம்மாள், வெங்கடசாமி மூவரும் காத்திருந்தார்கள். வேதாச்சலம் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டான். ஐந்தே வார்த்தை. பொட்டிய ஒடைச்சது நான்தான். எனக்கு டி.பி.

வெங்கடசாமி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு நாராயணசாமியிடம் கேட்டார்:

"பொண்ணுக்கும் படம் எடுத்துப் பாத்தீங்களா?"

நாராயணசாமிக்குக் கேள்வி விளங்கவில்லை. கங்கம்மாளுக்கு விளங்கியது.

"சித்தூர் போய் ஆளனுப்பறேன்," என்றார் வெங்கடசாமி. வேதாச்சலம் படியிலிருந்து இறங்கித் தூரமாய் விலகும்வரை காத்திருந்துவிட்டு வெளியே போனார். ஆள் யாரும் வரப்போவதில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

லாக்கப் திறக்கப்பட்டது. பழனி சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலுக்கு வந்து, வெளியே தள்ளி நின்ற வேதாச்சலத்தைப் பார்த்தான். நண்பனை அடிக்கப் போகிறான் என்று நினைத்துக் கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார். பழனி அடிக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான், வீங்கிய உதட்டோடு. பிறகு செங்கல்வராயன் பக்கம் திரும்பினான். "நானும் படம் எடுக்கணுமா சார்?"

"எடுத்துடு."

கடை முதலாளி காலையிலேயே அவனுக்குப் பதில் வேறு ஆளை வைத்துவிட்டார். அது அவனுக்கு இன்னும் தெரியாது. செங்கல்வராயனுக்குத் தெரியும். கடைக்குப் போய்ப் பேசுகிறேன் என்றார். பேசினாலும் நடக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

நாராயணசாமி மெல்ல எழுந்தார். "அப்ப வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போவணுமா வாணாமா?"

செங்கல்வராயன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கங்கம்மாள் மேசையருகே வந்தாள். அழவில்லை. கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை.

"மதனப்பள்ளியில இந்த நோவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்குதாமே சார். பஸ் எப்ப?"

"காலையில ஒண்ணு இருக்கும்மா."

"போனதும் சேத்துக்குவாங்களா?"

"படுக்கை காலியாவணும். காத்திருக்கச் சொல்றாங்க."

"எத்தினி நாள்?"

"தெரியலம்மா," என்றார் செங்கல்வராயன்.

அவள் தலையாட்டிவிட்டு, தெரு முனையில் தனியாக நின்றிருந்த அண்ணனை நோக்கி நடந்தாள். அவளைக் கண்டதும் அவன், "கிட்ட வராதே, கிட்ட வராதே" என்று கையை ஆட்டிக்கொண்டே பின்வாங்கினான். அவள் நிற்கவில்லை.