மூன்றாம் வளைவுக்குள்

புவனா பூண்டுத் தோட்டத்தின் மேல் அடுக்கிலிருந்து குதித்தாள். ஈர மண் செருப்பைப் பிடித்துக்கொண்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அடுக்குக்குத் தாவினாள்.

“ஏ புள்ள! பூண்ட மிதிக்காத!” களையெடுத்துக்கொண்டிருந்த இருளாயி கத்தினார். “விடிஞ்சதும் விடியாததுமா யாரு ஒன்னையத் தொரத்துறா?”

“யாரும் தொரத்தல அத்தே! நாந்தான் தொரத்துறேன்!”

கீழே மூடுபனிக்குள் ‘டணார்!’ என்று ஒரு சத்தம்.

அப்பாவின் மோட்டார் சைக்கிள். முதல் வளைவில் கியர் மாற்றுகிறார். மூன்றாம் வளைவுக்குள் மறிக்காவிட்டால் போச்சு. மூன்று வாரம் போச்சு!

அப்பா அழகுமலைக்குக் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் காவல் வேலை. சேர்ந்து எட்டு வாரம் ஆகிறது. சனிக்கிழமை இருட்டியபின் மலைக்கிராமமான போளூரில் இருக்கும் வீட்டுக்கு வருவார். திங்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார். அம்மாவும் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரே தோழி தாரணி திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள்.

பள்ளி விட்டு வந்தால் புவனாவும் சுவரும்தான். சுவரோடு பல்லாங்குழி ஆடுவாள். சுவருக்கும் சேர்த்து அவளே காய் போடுவாள். சுவர் தினமும் தோற்றது. ஜெயித்து ஜெயித்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அப்பாவுக்கு டாட்டா காட்ட அவளுக்குப் பிடிக்காது. அதனால் திங்கள்தோறும் கம்பளிக்குள் தூங்குவதுபோல் நடிப்பாள். இன்றும் நடித்தாள். அப்போதுதான் அப்பா வாசலில் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

“எவ்வளவு அமுக்கி மிதிச்சாலும் கியரு விழ மாட்டேங்குது. சத்தம் ஊருக்கே கேக்குது. ஆயில் மாத்தியும் கேக்கல. செண்பகனூர்ல மெக்கானிக்குட்ட விட்டுட்டுத்தான் போறேன். கியர் பெட்டியப் பிரிச்சா மூணு வாரம் ஆகுமாம். சனிக்கிழமை வேலை முடியுறதுக்குள்ள கடைசி பஸ் போயிரும். வண்டி வர்ற வரைக்கும் நான் வர முடியாது. பாப்பாகிட்ட நீயே சொல்லிரு.”

வண்டி கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் புவனாவுக்குக் கால் வந்தது.

‘டணார்!’ இரண்டாம் வளைவு.

கடைசி அடுக்கிலிருந்து சறுக்கி, ரோட்டில் வந்து விழுந்தாள். எழுந்து இரு கைகளையும் விரித்து நின்றாள். பனியைக் கிழித்துக்கொண்டு வந்த வண்டி அவளுக்கு முன்னால் நின்றது.

“ஏந்தாயி! இப்பிடியா ரோட்டுக்கு நடுவுல வந்து நிப்பாக?” அப்பா பதறினார். “என்ன, சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய மறந்துட்டேனா?”

“வண்டிய மெக்கானிக்குட்ட விடாதீங்கப்பா. பெட்டியில ஒண்ணுமில்ல. கிளச்சுதான்.”

“அடேங்கப்பா! எந்த ஊரு மெக்கானிக் அம்மா இது? செருப்புகூட இல்லாம வந்திருக்கு?”

“சிரிக்காதீங்க. கிளச்சுப் பிடியப் பிடிச்சுப் பாருங்க. பாதி தூரம் சும்மாவே வருதுல்ல?”

அப்பா பிடித்தார். பிடி தொளதொளவென்று வந்தது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

“ஆமா தாயி! இது எப்ப இருந்து?”

“கொஞ்சங்கொஞ்சமா ஆச்சு. அதான் கைக்குத் தெரியல. போன வருஷம் கிளச்சுக் கம்பி மாத்துனப்ப நீங்கதான சொன்னீங்க? கம்பி தொளதொளன்னு கெடந்தா கிளச்சு முழுசா விடாதுன்னு. அதான் கியரு சண்ட போடுது.”

கிளச்சுப் பிடியின் ஓரத்தில், கம்பி நுழையும் இடத்தில், மோதிரம்போல் ஒரு சின்னத் திருகு இருந்தது. புவனா அதைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று... உதடு அசைந்தது. எட்டாவது சுற்றில் கையை எடுத்தாள்.

“போதும். இப்ப மிதிங்க.”

அப்பா மிதித்தார். ‘டிக்.’ விளக்கு சுவிட்சைப் போட்டதுபோல் அவ்வளவுதான். நம்பாமல் வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ‘டிக். டிக்.’

“மூணு வாரத்த மிச்சம் பண்ணிட்டியே தாயி! அப்ப சனிக்கிழமை வந்துருவேன்!”

புவனா சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

“அது சரி, ஏழுல நிறுத்தல, ஒம்போதுக்குப் போகல. சரியா எட்டுல நிறுத்துனியே, எப்பிடி?”

அவள் தன் சேற்றுக் கால்விரல்களைப் பார்த்தாள்.

“சொன்னா வைவீங்களா?”

“வண்டியச் சரி பண்ணுன ஆள யாராச்சும் வைவாங்களா?”

அப்பா என்ஜினை அணைத்தார். அவளைத் தூக்கி பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்தார். அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

“வெரசாப் போக வேண்டியதில்ல. நீ மெதுவாச் சொல்லு.”

புவனா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சுத்து, நாந்தாம்ப்பா அத எதிர்ப்பக்கமாத் திருகுனேன். வண்டி கெட்டுப் போனா நீங்க போக மாட்டீங்கன்னு நெனச்சேன்.”