இருபத்திரண்டாம் பக்கம்

வியாழக்கிழமை, காலை 8.10. நியூசிலாந்தின் டனீடின் நகரம்.

மருத்துவமனையின் பின்வாசலில் லோசா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைபேசியை பிரைடி கெரிகனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நீதானேடி எழுதின?"

லோசாவின் முதல் கவிதைத் தொகுப்பைக் கிழித்துத் தொங்கவிட்ட மதிப்புரை. முந்தின நாள் இணையத்தில் வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. புத்தகம் கடைக்கு வருவதே வெள்ளிக்கிழமைதான். பதிப்பாளரை விட்டால் அதைப் படித்தவர்கள் மூன்றே பேர். மூவரில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் பிரைடி. மதிப்புரை எழுதுவதுதான் அவள் தொழில்.

"எனக்கு ஒளிஞ்சுக்கிட்டுத் திட்டத் தெரியாதுடி."

"எல்லாரும் உன்னத்தான் சொல்றாங்க. நாலு மணிக்குக் கமிட்டி கூடுது."

எழுத்தாளர் ஒருவர் ஒரு வருஷம் தங்கி எழுத, உதவித்தொகையோடு நகராட்சி தரும் வீடு; அது யாருக்கு என்று அந்தக் கமிட்டிதான் முடிவு செய்யும். கிடைத்தால் லோசா ஒரு வருஷம் வார்டு துடைக்காமல் எழுதலாம். இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள் பிரைடிக்கும் சமோவாத் தீவிலிருந்து வந்த தையல்காரியின் மகள் லோசாவுக்கும் அப்படி ஒரு வருஷத்தை யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. தோழியே இப்படி எழுதினால் புத்தகம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம்.

பிரைடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதிப்புரையை வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள்: "22ஆம் பக்கக் கவிதையில் ஒரு வரிகூட முடியவில்லை. 23ஆம் பக்கத்தில் இருப்பதற்குத் தலைப்பும் இல்லை, தொடக்கமும் இல்லை."

காலை 9.40. புத்தகக் கடைக்காரர் மரே டக் இரண்டாமவர். முன்பிரதி அவர் மேசையில் விரிந்து கிடந்தது. எழுதியது நீங்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். கடிதத்துக்குப் பதில் போடவே தனக்கு ஒரு மாசம் ஆகும் என்றார். பிறகு கவிதை ஒன்றை வாசித்துக் காட்டினார். அவர் விரல் இடப்பக்கத்தில் தொடங்கி, நடு மடிப்பைத் தாண்டி, வலப்பக்கத்தில் போய் நின்றது.

"இந்த வார்டில் யாருடைய இரத்தமும் என் துடைப்பத்துக்கு ஒரே நிறம்."

காலை 11.15. மூன்றாமவர் மூத்த கவிஞர் நோலீன் ஸ்ட்ராகன். அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த பாராட்டே அவர் எழுதியதுதான். சூடாக சீஸ் ரோல் கொடுத்தார். லோசாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்றார். அந்த வீட்டுக்குத் தானும் ஆறாவது முறையாக விண்ணப்பித்திருப்பதை அவரே சொன்னார். பதிப்பகத்தின் முத்திரையோடு, ஒட்டிய நாடா பிரியாமல் ஒரு பொட்டலம் மேசையில் கிடந்தது. பால் ஜாடி அதன் மேல் இருந்தது.

பிரைடி பஸ் நிறுத்தம் வரை போனாள். தன் பிரதியை எடுத்து 22ஆம் பக்கத்தை விரித்தாள். வந்த வழியே திரும்பினாள்.

பகல் 12.05.

"எழுதினது நீங்கதான், நோலீன்."

"பின்னட்டையப் பாத்தியாம்மா?"

"அதுதான் காட்டிக்கொடுத்துச்சு. 22, 23 ரெண்டும் ஒரே கவிதை. ஒவ்வொரு வரியும் இந்தப் பக்கம் ஆரம்பிச்சு அந்தப் பக்கம் முடியுது. புத்தகத்தை விரிச்சவங்க யாருக்கும் அது தெரியாமப் போகாது. மரேக்குத் தெரிஞ்சுது. எனக்கும் தெரிஞ்சுது. ஆனா பின்னட்டைக்கு எழுதறவங்களுக்குப் புத்தகம் வராது, அச்சுக்கு முன்னாடி கோப்புதான் வரும். நீங்க திரையில ஒவ்வொரு பக்கமாத் தள்ளிப் படிச்சீங்க. அதனால பாதி பாதி வரியா ரெண்டு கவிதை தெரிஞ்சுது. அச்சான பிரதி இன்னும் பொட்டலத்துலயே கிடக்கு."

நோலீன் பால் ஜாடியைப் பொட்டலத்தின் மேலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார்.

"நாலு புத்தகம் போட்டேன். திட்டிக்கூட ஒருத்தரும் ஒரு வரி எழுதல. இவளுக்கு முதல் புத்தகத்துக்கே மரே கடை ஜன்னல் முழுக்க இடம் ஒதுக்கியிருக்கான்."

"அதுக்கு அவ என்ன பண்ணுவா? அவ விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து தரை துடைக்கிறவ."

நோலீன் தொலைபேசியை எடுத்துக் கமிட்டித் தலைவரை அழைத்தார். மதிப்புரை தன்னுடையது, அது தப்பு, தன் விண்ணப்பத்தையும் எடுத்துவிடுங்கள் என்று மூன்று வாக்கியத்தில் முடித்தார். பிரைடி அலமாரியில் இருந்த நோலீனின் நாலு புத்தகங்களைப் பார்த்தாள்.

"இதுல எதைப் படிக்கலாம்? நல்லா இல்லைன்னா அப்படியேதான் எழுதுவேன்."

"நாலையும் எடுத்துட்டுப் போ."

மாலை 4.35. லோசாவின் செய்தி வந்தது: வீடு கிடைச்சிருச்சு, என்னை மன்னிச்சிருடி, எங்க இருக்க?

பிரைடி வீடு திரும்பும் பஸ்ஸில் நோலீனின் மூன்றாவது புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். நன்றாக எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.