நான்காவது ஜோடி

வேன் எங்களை ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டபோது பகல் பதினொரு மணி. மனைவி தேடிக் காட்டிய நான்கு ஹோட்டல்களுக்கும் நொட்டை சொல்லித் தள்ளிவிட்டு, நான் ஒற்றைக் காலில் நின்று தேர்ந்தெடுத்த இடம் இது. கதவைத் திறந்தால் பனிச்சறுக்குப் பாதை. நனைந்த பூட்ஸை மாட்டி உலர்த்த, சூடேற்றிய தனி அறை. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அந்த அறையில் எங்களுக்கென்று நான்கு ஜோடி பூட்ஸ் கொக்கிகளில் தொங்கின. நாங்களோ மூன்று பேர்.

மனைவி சிரித்துவிட்டாள். வினை நான் வைத்ததுதான். எங்கள் அறை நால்வருக்கானது. வாடகை பூட்ஸுக்காகக் கால் அளவு கேட்ட படிவம் நான்காவது வரியை நிரப்பாமல் நகர மறுத்தது. எதையாவது போட்டுத் தொலைங்க என்று அவள் சொல்ல, பெண், வயது ஒன்பது, அளவு முப்பத்து மூன்று என்று வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டேன். எங்கள் மகளுக்கும் ஒன்பதுதான். அவள் அளவு முப்பத்திரண்டு.

மறுநாள் காலை மூன்று ஜோடி காய்ந்து கதகதப்பாக இருந்தன. நான்காவது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. யாரோ மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த காலையும் அது அதே கொக்கியில் தொங்கியது. உள்ளே பனி. அந்த வெக்கையிலும் உருகாத பனி.

அது யாருடையது தெரியுமா என்று மகளிடம் மெல்ல விசாரித்தேன்.

"அவளுக்கு ரொம்பக் குளுருதாம்ப்பா. என் இடத்த எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன்."

கிளம்பிவிடலாம் என்று கீழே ஓடினேன். மலைப்பாதை பனியில் மூடிக் கிடக்கிறது, நாளைதான் வண்டி என்று கையை விரித்துவிட்டார்கள். அன்று முழுக்க மகளின் கையை நான் விடவில்லை. தூங்கும்போதும் பிடித்துக்கொண்டே படுத்தேன். எப்போது கண் அசந்தேனோ தெரியாது.

விடிந்தபோது அவள் கை என் கைக்குள் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

கீழே போனோம்.

நான்காவது ஜோடி காய்ந்திருந்தது.

மூன்றாவது, என் மகளுடையது, நனைந்திருந்தது.

மகள் வரும்போது போட்டிருந்த ஷூவை எடுத்து மாட்டிவிட்டேன். குதிகால் நுழையவில்லை.

"சின்னதா இருக்குப்பா."

பிள்ளை வளர்கிறாள் என்று மனைவி பூரித்துப்போனாள். யாரிடம் போய் என்ன சொல்வேன்? அதே முகம், அதே குரல். அவளைத் தூக்கி வேனில் ஏற்றியதும் நான்தான்.

இரண்டு வாரம் கழித்து ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் மூன்றாவது கொக்கியிலிருந்த பூட்ஸை எத்தனை முறை எடுத்து வைத்தாலும் காலையில் அதே இடத்தில் ஈரமாகத் தொங்குகிறது, உங்களில் யாராவது இன்னும் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள்.

பதில் எழுதத் தொடங்கினேன். தோளில் ஒரு கை விழுந்தது. சட்டையைத் தாண்டிச் சில்லிட்டது.

"வேண்டாம்ப்பா. அவ வந்தா நான் போகணும். நான் போகும்போது அம்மாவக் கூட்டிட்டுத்தான் போவேன்."

பக்கத்து அறையில் மனைவி அவளுக்காக வாங்கிய புது ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதியதை அழித்தேன்.