மறைந்துபோன முதல் இதழ்

சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதம் சொல்கிறது. அது தெரிந்தேதான் சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் ஒரு வரிகூடக் கற்பனை கிடையாது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. சபைப் பத்திரிகையின் ஆசிரியர் அலுவலகத்தைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த நூறு வருடப் பழைய முதல் இதழைக் காணோம்.

மறுநாள் இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்தும் விழா. இரண்டு பத்திரிகைகளும் ஒரே வருடத்தில் பிறந்தவை. முதல் இதழ்களில் மாதம் போடவில்லை. மேடையில் இரண்டையும் வாசித்து எது மூத்தது என்று முடிவு செய்வார்கள். மூத்ததன் ஆசிரியருக்கு நடு நாற்காலி.

பக்கத்துச் சபைப் பத்திரிகைக்கு ஆசிரியர் இவருடைய மனைவியின் அண்ணன். மைத்துனர் இதழில் எட்டு மரண அறிவிப்பு வந்துவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. ஒன்பதாவது ஆளைத் தேடி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்.

"தோத்துடுவோம்னு பயந்து உன் அண்ணன்தான் தூக்கியிருக்கார். போலீசுக்குப் போறேன்."

இதழுக்குப் பிழை திருத்துவது அவர் மனைவிதான். மத்தியானம் வரை பொறுக்கச் சொன்னார். அண்ணனைப் போலீஸ் இழுத்துப் போனால் அப்புறம் எந்த முகத்தோடு பிறந்த வீட்டுக்குப் போவது?

பெட்டிச் சாவி எங்கே என்று விசாரித்தார். தொலைந்து ஒரு வாரமாம். மேசைக்கு அடியில் பார்க்கச் சொன்னார். இடுப்புப் பிடிப்பாம், குனிய முடியாதாம். அண்ணனுக்குப் போன் போட்டார். அந்தப் பத்திரிகையை இடுக்கியால்கூடத் தொட மாட்டேன் என்றார் அண்ணன். பிறகு அம்மாள் அலமாரியிலிருந்து இரண்டாவது இதழை எடுத்துப் படித்தார்.

"ஏங்க, அவங்க பத்திரிகைதான் மூத்ததுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதுல போட்டிருக்கு, கேளுங்க. 'ஞானஸ்நானம் குறித்துப் பக்கத்துச் சபைப் பத்திரிகைக்குச் சென்ற இதழில் நாம் அளித்த மறுப்பில் ஒரு சொல்லையும் மாற்றோம்.' அதாவது, நம்ம முதல் இதழ்லயே அவங்களுக்கு மறுப்பு. அவங்க இதழ் முன்னாடியே வரலைன்னா எதை மறுத்தாங்களாம்? முதல் இதழ் மேடை ஏறினா அண்ணனுக்கு என்ன நஷ்டம்? உங்களுக்குத்தான்."

பக்கத்துச் சபைக்குப் பதில் கொடுக்கத்தான் தங்கள் சபை பத்திரிகையே தொடங்கியது என்பதும், அந்தச் சண்டை அடுத்த இதழிலும் தொடரும் என்பதும் ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

"அந்த இடுப்புப் பிடிப்பை வெளியில எடுங்க."

சட்டையைத் தூக்கினார். வயிற்றோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தது முதல் இதழ்.

"அப்போ நடு நாற்காலி?" என்றார், மெதுவாக.

"அண்ணனுக்கு. நீங்க பக்கத்துல உக்காந்து கை தட்டுங்க."

மறுநாள் மேடையில் தட்டினார். மைத்துனரைவிட அதிகமாகத் தட்டினார்.

அந்த ஊரில் இருப்பது ஒரே சபை. அதற்கு இன்றுவரை பத்திரிகை கிடையாது.