வரைபடத்தில் இல்லாத பாறை

அவள் முடிவுக்கோட்டைத் தொட்டபோது மணி பதினொன்றே கால். முந்தி வந்தவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

வரைபடமும் காம்பஸும் மட்டும் துணை. காட்டுக்குள் நட்டுவைத்த கொடிகளை வரிசை மாறாமல் கண்டுபிடித்து ஓடி வர வேண்டும். அதுதான் பந்தயம். முதல் மூன்று பேருக்கு தேசிய அணியில் இடம். அவள் வந்தது நான்காவதாக. கடைசிக்கு முந்திய கொடி ஒரு பாறைக்குப் பின்னால் என்றது வரைபடம். பாறை இருந்தது. சுற்றிச் சுற்றி வந்தும் கொடி இல்லை. நேரம் போனதுதான் மிச்சம்; அதை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இந்த மேப்பை வரைஞ்ச மகான் யாரு? கண்ணைக் கட்டிக்கிட்டு வரைஞ்சாரா?"

"நான்தாங்க," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "கண்ணு நல்லாத்தான் இருக்கு."

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போய்ப் பாத்து போட்டோ அனுப்புங்க. கொடியோ மேப்போ தப்புன்னா அந்தக் கொடியையும் அதுக்கான நேரத்தையும் எல்லாருக்கும் கழிச்சுடறேன்."

கழித்தால் அவள் மூன்றாவது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. வரைபடக்காரன் காட்டுக்குள் மெதுவாக நடந்தான், தெரிந்தவர்கள் வீட்டுக்குள் நடப்பதுபோல. அவள் வரைபடத்தில் குறை தேடிக்கொண்டே வந்தாள். அகப்படவில்லை.

"எறும்புப் புத்தைக்கூட விடலையே நீங்க..."

"அதுவும் ஒரு குடும்பம் குடியிருக்கிற இடம்தானே."

சிரிக்கக் கூடாது என்று இருந்தாள். உதடு கேட்கவில்லை.

ஓடைப்பள்ளத்தில் அவன் நின்றான். பாறை. அதன் பின்னால் நனைந்து தொங்கியது கொடி.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள். கற்றுக்குட்டி செய்யும் தப்பு... ஆனால்?

"அப்போ நான் பாத்த பாறை?"

மேட்டைத் தாண்டி ஓடினாள். அடுத்த பள்ளத்தில் ஆளுயரப் பாறை ஒன்று நின்றது. சுற்றிலும் சேற்றில் அவளுடைய காலடிகள். வரைபடத்தில் அந்த இடம் வெறுமை.

அவன் வந்து பார்த்தான். "இருக்கு. நான் வரையலை." போனை எடுத்துப் படம் பிடித்தான்.

"இதை அனுப்பினா உங்க வேலை?"

"அனுப்பலைன்னா உங்க இடம்?"

"காம்பஸைப் பாத்திருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்..."

"அது உங்க தப்பு. இது என் தப்பு. கலக்க வேண்டாம்." அனுப்பிவிட்டான்.

மழை வலுத்தது. பாறையின் சரிவுக்கு அடியில் இருவரும் ஒதுங்கினார்கள். அவன் இமையில் ஒரு துளி விழாமல் நின்றது. எறும்புப் புற்றை விடாதவன், யானை போல் நிற்பதை எப்படி விட்டான்? கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படி விட்டீங்க?"

அவன் பள்ளத்தையே பார்த்தான்.

"போன வருஷம். போட்டிக்காரங்க வரக்கூடாதுன்னு காட்டை இன்னும் மூடலை. இதே மாதிரி மழை. இங்கதான் உக்காந்து வரைஞ்சிட்டிருந்தேன். அந்த மேட்டுல ஒருத்தங்க ஓடி வந்து நின்னாங்க. கட்டைவிரல்ல மாட்டியிருந்த காம்பஸோட சண்டை போட்டாங்க... அப்புறம் தானா சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பென்சிலை எடுத்தேன். வரைஞ்சதை எங்க விட்டேன்னு தெரியலை."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதே காம்பஸ். முள் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு என்றாளே, அத்தனை பேர் முன்னால்...

அவன் போன் அடித்தது. நடுவர்.

"ஏன் விட்டேன்னு கேப்பாரு," என்றான். "இனிமே எனக்கு வரைய யாரு காடு குடுப்பாங்க."

எடுக்கப் போன கையை அவள் பிடித்தாள். பிடித்த பிறகு விடத் தோன்றவில்லை.

"அவர் அப்புறம் கேக்கட்டும். நாளைக்கு நீங்க எங்க உக்காந்திருப்பீங்க? இந்தத் தடவை காம்பஸைப் பாத்தே வரேன்..."