குளிரறையில் மாறிய குப்பி

அவள் ஆலையின் குளிரறைக் கதவைத் திறந்ததும், உள்ளேயிருந்து பாய்ந்து வந்தவன் மேல் மோதாத குறை.

"என் குப்பியை யாரோ சுட்டுட்டாங்க!"

அது அவள் கையில்தான் இருந்தது... காலியாக.

"சுட்டாங்களா? வார்த்தையை அளந்து பேசுங்க. எங்க நொதியோட எண் எழுதியிருந்தது. எங்களோடதுன்னு நினைச்சு சர்க்கரைத் தொட்டியில ஊத்திட்டேன்."

"மொத்தத்தையுமா?" தலையில் கை வைத்தான். "அது உங்க நொதி இல்லைங்க. அதைப் பிடிச்சுக்கிற மாதிரி நான் உருவாக்கின புரதம். எதைப் பிடிக்குமோ அதோட எண்ணைத்தான் நாங்க எழுதுவோம்."

வெளிக்காற்று பட்டு அவன் கண்ணாடி பனித்தது. கழற்றித் துடைத்தான். கோபத்திலும் கெஞ்சுகிற கண்கள்... 'கண்ணா இது?' என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். அவன் மாடி ஆய்வுக்கூடத்துக்கு வாடகைக்கு வந்தவன். அவளோ ஆலை முதலாளியின் மகள். கண்டவரிடம் மனதைப் பறிகொடுக்கிற வீட்டில் பிறந்தவளல்ல.

ஆனால் மறுநாள் அவளே மூச்சிரைக்க மாடி ஏறினாள். வெளியே மழை. அவள் தாத்தா கண்டெடுத்த அந்த நொதி, சர்க்கரையைக் கோத்துச் சங்கிலியாக்கும். சங்கிலிகள் எப்போதும் நெட்டையும் குட்டையும் கலந்தே வரும். விலைபோகும் குட்டையை மட்டும் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். அன்று வந்தவை அத்தனையும் குட்டை!

"என்னங்க பண்ணுச்சு உங்க புரதம்?"

"நொதியை மாத்தல... பக்கத்துல ஒட்டிக்கிட்டு வழியை மறிக்குது. சங்கிலி அதுக்கு மேல வளர இடமில்ல."

"பக்கத்துல நின்னே காரியம் சாதிக்குதா? பொல்லாததுதான்."

"செஞ்ச ஆள் ரொம்ப அப்பாவிங்க."

சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். மழையும் சிரிப்பது போலிருந்தது... அதன்பின் அவனிடம் கேட்க அவளுக்குச் சந்தேகங்கள் தினமும் முளைத்தன.

விஷயம் தெரிந்ததும் அப்பாவுக்கோ முகம் சிவந்தது. "தாத்தாவோட நொதிக்கு வெளியாள் தயவா? நீயே கண்டுபிடிச்சதா அறிக்கை கொடு. அந்தப் பையனுக்கு வேண்டியதைச் செஞ்சு அனுப்பிடலாம். குடும்பப் பேரைக் காப்பாத்தும்மா."

மறுத்தால் அப்பாவின் மனம் உடையும். இசைந்தால்... அந்தக் கண்களை இனி எப்படிப் பார்ப்பது?

"அடுத்தவர் உழைப்பைத் திருடி வாங்குற பேர் நமக்கெதுக்குப்பா? தாத்தா அப்படியா வாங்கினார்?"

மறுநாள் காலையில் அப்பா முழங்கால் வலியோடு மாடி ஏறினார். ஊழியர்கள் சூழ்ந்து நிற்க, "இது இந்தத் தம்பி கண்டுபிடிச்சது. பெருமை இவருக்குத்தான்," என்று கணீரெனச் சொல்லிவிட்டு, முதுகு வளையாமல் இறங்கிப் போனார்.

எல்லாரும் கலைந்தார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"நேத்து அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லிட்டேன்." தலை நிமிர்ந்துதான் தொடங்கினாள், குரல்தான் காலை வாரியது. "எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்குன்னு."

அவன் கையிலிருந்த பிப்பெட் குழாயைக் கீழே வைத்தான். "அவர்... என்ன சொன்னார்?"

"'அதுக்கும் நானே மாடி ஏறணுமா? நீயே போய்க் கேளு'ன்னார்."

அவன் கண்கள் நிறைந்து தளும்பின.

"நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே சம்மதம்னு சொல்லிட்டா... உங்க வீட்ல மரியாதைக் குறைவா நினைப்பாங்களா?"