மலையில் இல்லாத கல்

அன்று காலை என் கணவர் லியோனார்ட் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு பழந்துணி.

"எல்ஸி, கல்லைச் சுத்தணும். சும்மா போட்டா டிபன் கேரியர்ல இடிக்கும்லா."

கிழிந்த தலையணை உறையைக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு கறுப்புக் கல். ஒரு பக்கத்தில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட வரிகள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை யாரோ அவருக்குக் கொடுத்த பரிசு. யார் என்று கேட்டதற்கு, "சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்திட்டேன்" என்று சிரித்தார். மதியம் ஈப்போ டவுனுக்குப் போய், கல்லைப் பற்றிப் படித்த ஆபீசர் ஒருவரிடம் அது என்னவென்று கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மதியத்துக்குள் குவாரியில் வெடி வைத்த பாறை சரிந்து அவர் மேல் விழுந்தது. அது எழுபத்தொன்பதாம் ஆண்டு.

அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் முதல் ஆள் குவாரியில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் சவரிநாதன். அதே சவரிநாதன்தான் கம்பெனியில் சொன்னார்: "வெடிச் சங்கு ஊதியாச்சு. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. லியோனார்ட் மட்டும் மலையடியில் நின்னு கல் பேத்துக்கிட்டிருந்தான்." சாட்சிக்கு லியோனார்ட்டின் பையிலிருந்த அந்தக் கல்லையே காட்டினார். சுற்ற வீட்டிலிருந்து துணி வேறு கொண்டுவந்திருக்கிறான், பாருங்கள் என்றார். நான் மானேஜரிடம் போய், அது பரிசாக வந்தது, காலையில் என் வீட்டில் இருந்தது, துணியைக் கொடுத்ததே நான்தான் என்றேன். "பெண்டாட்டி வேறெப்படிச் சொல்லுவா" என்று பையை என்னிடம் நீட்டினார். பூசை முடிந்து வருகிற பெண்கள் என் முதுகுக்குப் பின்னால், "கல் பொறுக்கப் போய்ச் செத்தவர் வீட்டுக்காரி" என்றார்கள்.

அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு நான் வாழத் தயாராக இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு சிலிபினில் ரஹீமின் சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். அங்கே மூலை மேசையில் ஆம்புரோஸ் அண்ணன் இருப்பார். துப்பறியும் பிரிவில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது ஏதாவது வழக்கோடு வந்தால், ரஹீம் ரொட்டிக்கல்லை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, இது நத்தை. செத்துக் கல்லாப் போச்சு!" என்றார் ரஹீம், பார்த்ததும்.

"ஒன் வாயை மூடுலா. மூக்குக்கு வேலை இருக்கு."

ஆம்புரோஸ் கல்லை நாலு பக்கமும் திருப்பினார். விரலால் தடவினார். பிறகு ஒரு குண்டூசியால் சுருளின் பள்ளத்தைக் கீறினார். மஞ்சளாக ஒரு துகள் வந்தது. அதை வெந்நீர்ச் சொட்டில் குழைத்து நீட்டினார்.

ரஹீம் முகர்ந்தார். "சந்தனம்! கந்தூரிக்கு நாங்க அரைப்போமே, அதே வாசம்."

"எல்ஸி, ஞாயித்துக்கிழமை அவர் எங்க போனாரு?"

"லகாட் பக்கம், அவர் பிறந்த தோட்டத்துக்கு. ஆளுங்க குடியிருந்த லயத்தை இடிக்கிறாங்கன்னு சாமான் ஏத்திவிடப் போனாரு."

"கல் ரெண்டு நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து குவாரி ஆட்களை அவர் ரஹீம் கடைக்குத் தேநீருக்குக் கூப்பிட்டார்; நானும் போயிருந்தேன். சவரிநாதனும் வந்தார், வெள்ளைச் சட்டையில்.

"மண்டோர், நீங்க பார்த்ததை ஒரு தடவை சொல்லுங்க. எனக்கு வயசாச்சு, மறந்து போகுது."

"எத்தனை தடவைண்ணே? சுத்தியால அடிச்சான். வெள்ளையாத் தூள் பறந்துச்சு. இந்தக் கல்லைப் பேத்துப் பையில போட்டான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஆம்புரோஸ் கல்லை மேசை நடுவில் வைத்தார்.

"சுத்தி பட்ட இடத்தைக் காட்டுங்க."

சவரிநாதன் கல்லைத் திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார்.

"கிடைக்காது. எல்லாப் பக்கமும் ஆத்துத் தண்ணி உருட்டின வழவழப்பு. நம்ம மலைக் கல் வெள்ளை. இது கறுப்பு. லியோனார்ட் பார்க்கப் போகணும்னு நெனைச்ச ஆபீசரை நேத்து நான் போய்ப் பார்த்தேன். ரஹீம், நீ சொன்ன மாதிரி கடல் சீவன்தான், ஆனா நத்தை இல்லே. அம்மோனைட்டாம், கணவாய்க்குச் சொந்தம். நம்ம மலை உண்டாகி ரொம்பக் காலம் கழிச்சுத்தான் இந்த இனமே பொறந்துச்சாம். மலைக்குள்ளே இருக்க வழியே இல்லே. இது இமயமலைப் பக்கத்து ஆத்துல கிடைக்கிறது."

"இமயமலையிலிருந்து இங்க எப்படி வரும்?" என்றார் சவரிநாதன். குரல் ஏறியது.

"சாமியா வந்துச்சு. பள்ளத்துல சந்தனம் இருக்கு. கோயில் திருட்டு வழக்கு ஒண்ணுல இந்த மாதிரி பார்த்திருக்கேன். சாலக்கிராமம். பெருமாளா வச்சுக் கும்பிடுவாங்க. விக்கக் கூடாது, கொடுக்கலாம். லியோனார்ட் பிறந்த தோட்டத்துல விசாரிச்சேன். கொடுத்தவர் வந்திருக்காரு."

ரஹீம் அடுப்படியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார். உடையப்பன், தோட்டத்துப் பெருமாள் கோயில் பூசாரி. மேசையைப் பார்த்ததும் வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கைகூப்பினார்.

"தொடாம சொல்லுங்க ஐயா. அடியில் என்ன இருக்கு?"

"நெல்லு மாதிரி ஒரு குழி. எங்கப்பா காலத்திலேயே இருக்கு."

ஆம்புரோஸ் கவிழ்த்துக் காட்டினார். இருந்தது.

"கிறிஸ்துவங்க வீட்டுக்கு ஏன்யா கொடுத்தீங்க?" என்று ரஹீமால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தினம் குளிப்பாட்டித் துளசி போடணும். செய்யாம வச்சிருந்தா எங்களுக்குக் குத்தம். லயத்தையே இடிச்சாச்சு, இனி எங்க போயி செய்வேன்? அவங்களுக்கு இதுல செய்ய வேண்டியது ஒண்ணுமில்லே. குத்தமும் இல்லே. லியோனார்ட் நல்ல பிள்ளை. தெரிஞ்சா என் சனங்க என்னை விடமாட்டாங்கன்னுதான் சொல்லாதேன்னேன். சாமிதான் அவனை அடிச்சிருச்சோன்னு..." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி அடிக்கலே" என்றார் ஆம்புரோஸ், மெதுவாக. "பேக்காத கல்லைப் பேத்தான்னு ஒருத்தர் கண்ணால பார்த்திருக்காரு. அப்போ அவர் காதால கேட்ட சங்கு?"

கல் உடைக்கும் ராஜுதான் முதலில் எழுந்தான்.

"சங்கு ஊதலே. வெடி வைக்க நேரமாச்சுன்னு நீதான்யா ஊதவிடலே! மலையடியில விட்டுப்போன கம்பியை எடுத்திட்டு வான்னு லியோனார்ட் அண்ணனை அனுப்பினதும் நீதான். வேலை போயிடும்னு நாங்க பேசாம இருந்தோம்."

"அந்தத் தோளாலயா அவர் பெட்டியைத் தூக்கினீங்க?" என்று கேட்டேன். சவரிநாதன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

ராஜுவும் மற்றவர்களும் கம்பெனியில் போய்ச் சொன்னார்கள். லியோனார்ட் மேல் தவறில்லை என்று மானேஜர் என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். சவரிநாதனைக் காம்பார் பக்கம் வேறு குவாரிக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். ஒரு மனிதனைக் கொன்று, செத்த பிறகு அவன் பெயரையும் கொன்றதற்கு ஊர் மாற்றம். அங்கேயும் அவர் மண்டோர்தான் என்று ரஹீம் விசாரித்து வந்து சொன்னார்.

உடையப்பனிடம் கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்குங்கம்மா. ஒண்ணும் செய்யாதீங்க, போதும்."

லியோனார்ட் அதை முதலில் வைத்த இடம் ரேடியோவின் மேல். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நான் அதற்கு ஒன்றும் செய்வதில்லை.